பனிக்காலத்தில் கோழிக் கொட்டகை
1997 வரை மைசூரு மாவட்டத்தில் இருந்து, இன்று சாமராஜநகரைச் சேர்ந்துள்ள மாதேஸ்வரன் மலையில், மார்கழி இரவுகள் சமவெளியிலுள்ள மேட்டூரினும் குளிர்ந்தவை. இத்தகைய மலையூர்களில் பனிக்கு அஞ்சிக் கொட்டகையைச் சாக்குப் படுதாவால் முழுதும் மூடிவிடுவதுண்டு. எம் கருத்தில் குளிரினும் கொடியது அதுவே. வளர்ந்த கோழிக்கு இறகே போர்வை; எச்சத்தின் ஈரத்திலிருந்து எழும் அம்மோனியாவைத்தான் அதனால் தாங்க இயலாது. கண் எரியும், சளி பற்றும், முட்டை குறையும். ஆகவே படுதாவைக் கீழிருந்து கட்டி, கூரையை ஒட்டி ஓரடி இடைவெளி விடுதல் வேண்டும். விடியலில் உள்ளே நுழைந்ததும் நம் மூக்கு எரியுமாயின் அவ்விடைவெளி போதவில்லை; இதை அறியக் கருவி தேவையில்லை. உமியோ கடலைத்தோலோ மூன்று நான்கு அங்குலம் பரப்பி, அடிக்கடி கிளறி, நனைந்ததை அகற்றுக.

குஞ்சுகளின் நிலை வேறு. முதல் வாரம் 95 பாரன்ஹீட் வெப்பம் வேண்டும். பின்னர் வாரத்திற்கு 5 பாகை குறைக்கலாம். விளக்கின்கீழ் மொய்த்தால் வெப்பம் குறைவு. விலகி வாய் பிளந்தால் மிகுதி. மின்சாரம் நின்ற இரவில் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியே மூச்சடைத்து மடியும். கடன் பெற்று வாங்கிய குஞ்சுகள் ஓரிரவில் அழிவது இவ்வாறே. கரியடுப்பு ஒன்று ஆயத்தமாக இருக்கட்டும். புகை வெளியேற வழியும் இருக்கட்டும்.

குளிரில் கோழி தீவனம் கூடுதலாக உண்ணும். 2018-19 நிதிநிலை அறிக்கையில் கால்நடை வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்ட கிசான் கடன் அட்டைக்கு விண்ணப்பிக்கையில், அச்செலவையும் கணக்கில் சேர்க்குமாறு வேண்டுகிறோம்.