கத்தரிக்கோலைப் பிடுங்கினால் புற்றுநோய் நிற்குமா?

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு வார்த்தையில இருந்து தொடங்குது. என் அத்தையோட பயாப்ஸி ரிப்போர்ட்டை வீட்டுல நான்தான் படிச்சுக் காட்டினேன். மார்பகக் கட்டி. ரிப்போர்ட்ல 'இன்வேசிவ்'னு போட்டிருந்தது. "உடம்பு பூரா பரவிடுச்சாடா?"ன்னு அத்தை கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல. அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இப்போ சொல்றேன்.

பால் குழாயோட உள்பக்கத்துல வரிசையா இருக்கிற செல்களுக்கு அடியில, கொலாஜன் மாதிரி புரதங்களால ஆன ஒரு மெல்லிய சவ்வு இருக்கு. புற்றுநோய் செல்கள் அதுக்குள்ளேயே இருக்கிற வரைக்கும் 'இன் சிட்டு'. அந்த வேலியைத் தாண்டிட்டா 'இன்வேசிவ்'. தாண்டிடுச்சுன்னா எல்லா இடத்துக்கும் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. இதை அத்தைகிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கணும்.

சரி, வேலியை எப்படித் தாண்டுது? செல்லுக்கு வெளியே புரதத்தை வெட்டுற என்சைம்கள் இருக்கு. அதுல முக்கியமான குடும்பம் எம்.எம்.பி. மனுஷங்ககிட்ட 23 வகை. ஒவ்வொண்ணுலயும் வெட்டுற இடத்துல ஒரு துத்தநாக அயனி உட்கார்ந்திருக்கும். தலைப்பிரட்டையோட வால் எப்படிக் கரையுதுன்னு தேடினப்போதான், 1962ல ஜெரோம் கிராஸும் சார்லஸ் லாபியரும் இந்த வகையில முதல் என்சைமைக் கண்டுபிடிச்சாங்க. காயம் ஆறவும் எலும்பு வளரவும் நமக்கு இவை வேணும்.

புற்றுநோய் இந்தக் கத்தரிக்கோலைத் தப்பா பயன்படுத்துது. பல நேரம் தானே தயாரிக்கிறதுகூட இல்ல, பக்கத்துல இருக்கிற நல்ல செல்களைத் தயாரிக்க வைக்குது. வெட்டும்போது வழி மட்டும் திறக்கல. புரத வலையில சிக்கியிருந்த வளர்ச்சிக் காரணிகளும் வெளியே வருது. அதனால கட்டிக்குப் புது ரத்தக் குழாய்கள் முளைக்குது.

அப்போ கத்தரிக்கோலைப் பூட்டிட்டா போதுமே? 1990கள்ல விஞ்ஞானிகளும் அப்படித்தான் நினைச்சாங்க. மாரிமாஸ்டாட் மாதிரி மருந்துகள் அந்தத் துத்தநாகத்தைப் போய்ப் பிடிச்சுக்கும். எலிகள்ல நல்லா வேலை செஞ்சது. மனுஷங்ககிட்ட எதிர்பார்த்த பலன் வரல, மூட்டு வலிதான் வந்தது. டானோமாஸ்டாட்னு இன்னொரு மருந்து. ஒரு வகை நுரையீரல் புற்றுநோய்ல, வெறும் மாத்திரை சாப்பிட்டவங்களைவிட இதைச் சாப்பிட்டவங்க நிலைமை மோசமாச்சு. 1999ல சோதனையை நிறுத்திட்டாங்க.

ஏன் இப்படி? சோதனையில சேர்ந்த பலருக்கு நோய் ஏற்கனவே பரவி முடிஞ்சிருந்தது. இன்னொரு காரணம், எல்லாக் கத்தரிக்கோலும் எதிரி இல்ல. எம்.எம்.பி-8 இல்லாத ஆண் எலிகளுக்குத் தோல் கட்டிகள் அதிகமா வந்ததை 2003ல பார்த்தாங்க. அதாவது, அந்த என்சைம் காவல் காத்துக்கிட்டு இருந்திருக்கு. மொத்தமா பூட்டினா காவல்காரனையும் சேர்த்துக் கட்டிப்போட்ட மாதிரிதான்.

போன வாரம் அத்தைகிட்ட உட்கார்ந்து வேலி கதையைச் சொன்னேன். "அப்போ எவ்வளவு தூரம் போயிருக்குன்னுதான் டாக்டர்கிட்ட கேக்கணும், இல்ல?"ன்னாங்க.

ஆமா அத்தை, அதுதான் சரியான கேள்வி.