ஐந்து வெள்ளியில் ஒரு மரம்

பணப்பையில் ஐந்து வெள்ளித் தாள் இருக்கிறதா? திருப்பிப் பாருங்கள். அதிலுள்ள தெம்புசு மரம் பூமலையில் இன்றும் நிற்கிறது. 1859இல் அந்தத் தோட்டம் உருவாகும் முன்பே அங்கு வளர்ந்திருந்த மரம் அது.

இத்தகைய மூத்த மரங்களை 2001 முதல் ‘மரபுடைமை மரங்கள்’ என அறிவித்துக் காக்கிறார்கள், இடிதாங்கிகூடப் பொருத்துகிறார்கள். மரப் பாதுகாப்பு வட்டாரங்களில், சுற்றளவு ஒரு மீட்டரைத் தாண்டிய மரத்தை அனுமதியின்றி வெட்டமுடியாது. அது உங்கள் வீட்டு முற்றத்தில் நின்றாலும்தான்!

ஆனால், 2017 பிப்ரவரியில் அதே பூமலையில் இன்னொரு தெம்புசு வேரோடு சாய்ந்து ஒரு பெண்ணின் உயிரைப் பறித்தது. அதுவும் மரபுடைமை மரமே.

எங்கள் புளோக்கின் கீழே நின்ற தூங்குமூஞ்சி மரத்தை வெட்டியபோது எனக்குக் கோபம் வந்தது. மாலையில் அது இலை மடிப்பதைப் பார்த்துத்தான் என் மகள் விளையாட்டை முடிப்பாள். வெட்டிய அடிமரத்தின் உள்ளே முழுக்கப் பொந்து. கோபம் அடங்கியது. ஆனால் ஒன்று, காரணத்தை முன்கூட்டியே மின்தூக்கி அருகே ஒட்டியிருக்கலாமே!

அங்கே இப்போது ஒரு கன்று நிற்கிறது. அது நிழல் தரும்போது என் மகள் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாள். மூத்த மரத்தை வெட்டுமுன் இருமுறை யோசிக்க அந்தக் கணக்கு ஒன்றே போதும்.