கோலைக் காக்கும் பிள்ளை

விளையாட்டு மைதானங்களில் ஒரு வழக்கம் உண்டு. நன்றாக ஓடுகிறவன் முன்னணியில் ஆடுவான், கெட்டிக்காரப் பையன் நடுவில் நிற்பான், ஓடமாட்டாதவனையும், வயதில் சிறியவனையும், புதிதாக வந்தவனையும், "நீ போய்க் கோலில் நில்லடா!" என்று அனுப்பிவிடுவார்கள். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில், மாலை வேளையில் மணலில் இரண்டு கழிகளை நட்டுப் பந்தாடும் பிள்ளைகளிடையேயும் இந்த நியாயந்தான் செல்லுகிறது. பத்துப் பந்தைத் தடுத்தால் அந்தப் பையனை யாரும் பாராட்டுவதில்லை. ஒரு பந்து உள்ளே போய்விட்டாலோ, அத்தனை பேர் வாயிலும் அவனே அகப்படுகிறான்.

ஆனால், பெரிய பந்தயங்களில் கடைசி நிமிஷத்தில் தேசத்தின் மானம் யார் கையில் இருக்கிறது? கோலில் நிற்கும் அந்த ஒருவன் கையில் அன்றோ?

பழவேற்காட்டுக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில், சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில், 2025-ம் வருஷம் டிசம்பர் 5-ம் தேதி இதைக் கண்ணாரக் கண்டார்கள். 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான உலகக் கோப்பை ஹாக்கிப் பந்தயம் அவ்வருஷம் சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 தேசத்துக் கோஷ்டிகள் வந்திருந்தன. கால் இறுதியில் நம் இளைஞர்கள் பெல்ஜியத்துடன் ஆடி, இரண்டுக்கு இரண்டு என்று சமமாக நின்றார்கள். பிறகு வெற்றியை நிர்ணயிக்க 'ஷூட் அவுட்' வைக்கப்பட்டது.

இது இன்னதென்று அறியாத நேயர்களுக்கு ஒரு வார்த்தை. 23 மீட்டர் கோட்டிலிருந்து ஓர் ஆட்டக்காரர் தனியாகப் பந்தைத் தள்ளிக்கொண்டு வருவார். எதிரே கோல் காப்பவரைத் தவிர வேறு யாரும் இல்லை. எட்டு விநாடிக்குள் பந்தை உள்ளே போட வேண்டும். பக்கத்துக்கு ஐந்து பேர் இப்படி வருவார்கள். காக்க வேண்டிய வாசலோ 3.66 மீட்டர் அகலமும் 2.14 மீட்டர் உயரமும் உள்ளது. அன்று அந்த வாசலில் நின்றவர் பிரின்ஸ்தீப் சிங் என்னும் இளைஞர். அவர் தடுத்த பந்துகளால் இந்தியா நாலுக்கு மூன்று என்ற கணக்கில் ஜயித்தது. அரை இறுதியில் ஜெர்மனியிடம் தோற்றாலும், 10-ம் தேதி அர்ஜென்டினாவை வென்று நம் பிள்ளைகள் வெண்கலப் பதக்கம் பெற்றார்கள்.

அந்தக் கோஷ்டிக்குப் பயிற்சி அளித்தவரும் ஒரு கோல் காப்பவரே, கேரளத்து ஸ்ரீஜேஷ். எர்ணாகுளம் ஜில்லாவிலுள்ள கிழக்கம்பலத்தில் 1988-ல் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் திருவனந்தபுரம் ஜி. வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தபோது, ஓட்டம், நீளத் தாண்டல், கைப்பந்து இவற்றிலேயே அவருக்கு நாட்டம். பள்ளிப் பயிற்சியாளர் அவரைக் கோலில் நிற்கச் சொன்னார். கோல் காப்பவருக்கு வேண்டிய கவசங்கள் வாங்கப் பணம் இல்லாததால், விவசாயியான தந்தை வீட்டுப் பசுவை விற்றார்.

பசு போன அன்றே பதக்கம் வந்துவிடவில்லை. 2006-ல் இந்தியக் கோஷ்டியில் இடம் கிடைத்தது. ஆனால் மூத்தவர்கள் இருந்தார்கள். அவருடைய ஸ்தானம் நிலைபெற இன்னும் பல வருஷங்கள் சென்றன. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டபோதும் அவர் அந்தக் கோஷ்டியில் இருந்தார். அதன் பிறகே நல்ல காலம் பிறந்தது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், கடைசி விநாடிகளில் ஜெர்மனியின் பெனால்டி கார்னரைத் தடுத்து, 41 வருஷத்துக்குப் பின் நம் தேசத்துக்கு ஹாக்கிப் பதக்கம் வாங்கித் தந்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் கால் இறுதியில் பிரிட்டனுக்கு எதிராகப் பத்துப் பேருடனேயே இந்தியா பெரும்பகுதி நேரம் ஆட நேர்ந்தது. அன்றும் ஷூட் அவுட்டில் அவர் நின்றார், நாம் ஜயித்தோம்.

இது சிகரத்தை அடைந்தவர் கதை. அருகிலேயே காத்திருந்தவர் கதையும் ஒன்று உண்டு. 2016-ல் லக்னோவில் நம் இளைஞர் கோஷ்டி உலகக் கோப்பையை வென்றபோது, கோலில் புகழ் பெற்றவர் விகாஸ் தாஹியா. கிருஷண் பாதக் இரண்டாமவர். பிற்பாடு பெரியவர் கோஷ்டியிலும் பாதக் ஸ்ரீஜேஷுக்கு அடுத்தவரானார். 2023 உலகக் கோப்பையில் நியூஸிலாந்துக்கு எதிரான ஷூட் அவுட்டின் நடுவே ஸ்ரீஜேஷ் காயமடையவே, அந்த நெருக்கடியில் பாதக் உள்ளே போனார். அன்று நாம் தோற்றோம். பாரிஸிலும் அவர் மாற்று ஆட்டக்காரராகவே இருந்தார். ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்ற பிறகு, 2025 செப்டம்பரில் ராஜ்கிரில் இந்தியா ஆசியக் கோப்பையை வென்றபோது, கோல் காத்தவர்களில் பாதக்கும் ஒருவர். முன்னணியில் நாலைந்து பேர் ஆடலாம். கோலிலோ ஒருவருக்கே இடம். ஆகவே, இந்த வேலைக்கு வருகிற பிள்ளை எல்லாவற்றுக்கும் முன்னால் காத்திருக்கக் கற்க வேண்டியிருக்கிறது.

காத்திருப்பவனுக்கு என்ன செய்வது? இந்த இடத்தில் பழவேற்காட்டு மீனவர்களின் 'பாடு' என்னும் ஏற்பாடு நினைவுக்கு வருகிறது. ஏரியில் இறால் நிறையக் கிடைக்கும் இடங்கள் சிலவே. வலை கட்ட விரும்புவோரோ பலர். வலுத்தவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் இளைத்தவன் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே ஊரார் கூடி, தலைக்கட்டு உரிமையுள்ளவர்களுக்குச் சீட்டுப் போட்டு, முறை வைத்து இடங்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள். இன்று ஓரத்தில் நிற்பவனுக்கும் நல்ல இடத்தில் ஒரு நாள் உண்டு.

இறுதிப் பந்தயத்தில் பாடு வைக்க முடியுமா என்று கேட்டால், முடியாதுதான். அன்றைக்குச் சிறந்தவனே நிற்க வேண்டும். அப்படியானால் முறை கொடுக்க வேண்டியது அதற்கு முன்னால். ஸ்ரீஜேஷும் பாதக்கும் ஒரே ஆட்டத்தில் கால் பகுதிக்கு ஒருவராக மாறி மாறி நின்றதுண்டு. அந்த முறை கிடைத்திராவிட்டால் பாதக் வெறும் பார்வையாளராகவே இருந்திருப்பார்.

கடல் கடந்த கானடாவிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. அங்கே உறைபனி மீது ஆடும் ஹாக்கியே பிரதானம். ஆட்டப் பருவத்தின் முடிவில், ஏழு ஆட்டங்களில் நான்கை முதலில் வெல்பவர் அடுத்த சுற்றுக்குப் போவது என்ற ஏற்பாட்டில் ஸ்டான்லி கோப்பைக்கான பந்தயம் நடக்கும். 1971-ல் மான்ட்ரியால் கோஷ்டி, கென் டிரைடன் என்ற 23 வயதுச் சட்ட மாணவரைக் கோலில் நிறுத்தியது. அதுவரை அந்த வகுப்பில் அவர் ஆடியிருந்தது ஆறே ஆட்டங்கள். கோப்பையும் வந்தது, அப்பந்தயத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதும் அவருக்கே கிடைத்தது. அதிசயம் என்று ஜனங்கள் சொன்னார்கள். ஆனால் அவர் கார்னெல் சர்வகலாசாலைக்காக மூன்று வருஷம் கோலில் நின்றவர் என்பதை அறிந்தால், அதிசயம் பாதியாகக் குறைந்துவிடும்.

நம் பள்ளிகளும் குடும்பங்களும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? கோல் ஸ்தானம் தண்டனை அல்ல என்று முதலில் பிள்ளைகள் உணர வேண்டும். விருப்பமுள்ள இரண்டு மூன்று பேரைத் தேர்ந்து, தயவுக்காக அன்றி விதியாகவே, முறை வைத்து நிறுத்த வேண்டும். கவசங்களைப் பள்ளியே வாங்கி வைக்க வேண்டும். அவற்றுக்காக ஓர் ஏழை வீட்டில் பசுவோ படகோ விலை போகலாகாது. பெண் குழந்தைகளையும் மறத்தலாகாது. டோக்கியோவில் ஆஸ்திரேலியாவை ஒரு கோல்கூடப் போட விடாமல் நிறுத்தி, நம் மாதர் கோஷ்டியை முதன்முறையாக ஒலிம்பிக் அரை இறுதிக்குக் கொண்டுபோனதில் சவிதா புனியாவுக்குப் பெரும் பங்கு உண்டு.

இவற்றுக்கெல்லாம் மேலாக இன்னொன்று. கோல் காப்பவன் தவறினால் எல்லோருக்கும் தெரியும். பின்னால் மறைத்துத் திருத்த ஆள் கிடையாது. பந்தை வலையிலிருந்து தானே எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த பந்துக்கு அவன் மறுபடியும் நிமிர்ந்து நிற்க வேண்டும். அந்தச் சமயத்தில் உபாத்தியாயர் சொல்லும் சொல்லும், வீட்டுக்கு வந்ததும் தாய் தந்தையர் கேட்கும் கேள்வியும், அவன் மறுநாள் மைதானத்துக்குப் போவானா மாட்டானா என்பதைத் தீர்மானித்துவிடும். "எத்தனை கோல் விட்டாய்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "எத்தனை தடுத்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள்.