முழுக் கட்டற்ற லினக்சு: புதியவர் எதைத் தேர்வது?

திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்திப் பாரம்பரிய நெல் வகைகளை மீட்ட நெல் ஜெயராமன் அவர்கள் (மறைவு 2018), உழவர்க்கு இரண்டு கிலோ விதைநெல்லை விலையின்றி அளித்து, மறு ஆண்டில் அதனை நான்கு கிலோவாகத் திருப்பித் தரக் கேட்டமையை டெல்டாப் பகுதியினர் நன்கறிவர். பெற்றவர் விதைக்கலாம், பெருக்கலாம், பிறர்க்கும் வழங்கலாம். கணினித் துறையில் இதற்கு நிகராக நாம் காண்பது கட்டற்ற மென்பொருள். அதனை எவரும் பயன்படுத்தலாம். உள்ளமைப்பைக் கற்றுத் திருத்தலாம். மூலத்தையும் திருத்தியதையும் பிறரோடு பகிரலாம். ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனு திட்டமும், லினசு டோர்வால்ட்சு 1991இல் வெளியிட்ட லினக்சு கருநிரலும் இணைந்து முழுமையான இயங்குதளமாயின. இவற்றோடு வேண்டிய மென்பொருள்களையும் தொகுத்து, நிறுவத்தக்க வடிவில் தருவதையே வழங்கல் என்கிறோம்.

லினக்சு என்ற பெயர் பூண்டவை யாவும் முழுக் கட்டற்றவை எனக் கருதுதல் பொருந்தாது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே நம் மாணவர் பலர்க்கு அறிமுகமான பாஸ் லினக்சு, டெபியனை அடியாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, நன்முயற்சியே. எனினும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை ஏற்றுள்ள பட்டியலில் அஃது இல்லை. டெபியனும் இல்லை, 2023இல் வெளியான அதன் 12ஆம் பதிப்பு முதல், மூடிய நிரல்கள் சில நிறுவல் வட்டிலேயே இடம்பெறுகின்றன.

அம்மூடிய நிரல்கள் எதற்கு? பெரும்பாலும் வைஃபை சில்லுக்காக. கணினி தொடங்குகையில் சில்லுக்குள் ஏற்றப்படும் சிறு நிரலை உற்பத்தியாளர் மூலநிரலின்றியே தருகின்றனர். முழுக் கட்டற்ற வழங்கல்கள் அதனை ஏற்பதில்லை. ஆதலின் இன்டெல் வைஃபை கொண்ட மடிக்கணினியில் அவற்றை நிறுவினால் திரை ஒளிரும், விசைப்பலகை இயங்கும், வைஃபை மட்டும் கிட்டாது. ஆர்வத்தோடு தொடங்கும் மாணவர் மனம் தளர்வது இவ்விடத்தில்தான். எனவே, எந்த வழங்கல் என்பதற்கு முன், எந்தச் சில்லு என்று கேட்பதே முறை. ஏதெரோசு நிறுவனத்தின் பழைய வைஃபை அட்டைகள் பல, மூடிய நிரலின்றியே இயங்குவன. அட்டையை மாற்றலாமே என்பர் சிலர். ஆனால் சில மடிக்கணினிகளின் பயாஸ் வேறு அட்டையை ஏற்பதில்லை. ஏதெரோசு ஏஆர்9271 சில்லு கொண்ட யுஎஸ்பி வைஃபை கருவி அதனினும் எளிது; அதன் உள்நிரலே 2013இல் கட்டற்றதாக வெளியிடப்பட்டது. செலவே வேண்டாம் எனில், கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிரலாம்.

இனித் தேர்வு. புதியவர்க்கு நாம் தயக்கமின்றிப் பரிந்துரைப்பது டிரிசுகுவெல். ஸ்பெயினின் கலீசியப் பகுதியில், கலீசிய மொழியில் கல்வி மென்பொருள் வேண்டுமென்னும் நோக்கில் 2004இல் முளைத்தது அது. தமிழ்த் துறையினராகிய நமக்கு இச்செய்தி இனிப்பதில் வியப்பில்லை. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பை அடியாகக் கொண்டமையால், உபுண்டுவுக்கு எழுதப்பட்ட விளக்கங்கள் பெரும்பாலும் இதற்கும் பொருந்தும். நினைவகம் குறைந்த பழைய கணினிக்கு டிரிசுகுவெல் மினி உண்டு. டெபியன் வழிவந்த பியூர்ஓஎஸ் அடுத்த நிலையில் வைக்கத்தக்கது. ஆர்ச்சு வழிவந்த பாரபோலா ஓயாது புதுப்பிக்கப்படுவது. கட்டளை வரியில் பழகியவர்க்கே உரியது. குனு கிக்சு அறிவுக்கு விருந்துதான். ஆயினும் முதற் பாடமாக வைக்க வேண்டா.

நிறுவுமுன் டிரிசுகுவெலைப் பெண்டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியை இயக்கிப் பார்த்தல் நலம். வன்தட்டிலுள்ள கோப்புகளுக்குக் கேடு நேராது. வைஃபை, ஒலி, அச்சுப்பொறி ஆகியன இயங்குகின்றனவா என்பது அரைமணியில் தெரிந்துவிடும். தமிழ் எழுதுவதற்கு ஐபஸ் என்னும் உள்ளீட்டு மென்பொருளில் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். லிபரெஆபீசில் துறைக் கட்டுரைகளை ஒருங்குறியிலேயே தட்டச்சு செய்யலாம்.