சீழ் சொல்லும் சேதி

நகச்சுத்தி வந்த விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு இரவெல்லாம் விழித்திருந்தவர்களுக்கு அந்த விண்விண் வலி மறக்காது. ஓரிரு நாளில் நகக்கண் ஓரம் மஞ்சளாகச் சீழ் கோத்துவிடும். அந்தச் சீழில் பெரும்பகுதி, கிருமியோடு போராடி மடிந்த வெள்ளையணுக்கள். உடல் முழுக்க ஓடும் ரத்தத்தில் இருந்தவை, சரியாக அந்த விரலில் எப்படி இறங்கின?

சுவரைப் பற்றும் விதம்

கிருமி புகுந்த இடத்துத் திசுக்கள் சில ரசாயனங்களைச் சுரக்கின்றன. அவை பட்டதும், பக்கத்திலுள்ள நுண்சிரைகளின் உட்சுவரில் செலக்டின் என்ற புரதம் சில நிமிடங்களிலேயே தலைகாட்டுகிறது. ஓடிவரும் வெள்ளையணு அதில் தொற்றி, நழுவி, மறுபடி தொற்றி, சுவரோரமாக உருள்கிறது. வேகம் தணிகிறது. சுவரில் படிந்திருக்கும் கீமோகைன் என்ற ரசாயனங்கள் தூண்டியதும், அணுவின் மேலுள்ள இன்டெக்ரின் புரதம் நிமிர்ந்து சுவரை இறுகப் பற்றிக்கொள்கிறது. பிறகு அணு தட்டையாகி, சுவர்ச் செல்களின் இடுக்கு வழியே நெளிந்து வெளியேறுகிறது. 1867-இல் ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் கோன்ஹைம், உயிருள்ள தவளையின் ரத்தக்குழாய்களை நுண்ணோக்கியில் பார்த்து இந்த வெளியேற்றத்தை விவரித்தார்.

பிடி அதிகமானால்

தேவையில்லாத இடத்தில் வெள்ளையணுக்கள் குவிந்தாலும் தொல்லைதான். பெருங்குடல் புண் நோயில் நடப்பது அதுவே. வெடோலிசுமாப் என்ற மருந்து, குடலுக்குள் நுழையப் பார்க்கும் அணுக்களின் இன்டெக்ரினை மறித்துவிடுகிறது.

பிடி தளர்வதும் உண்டு. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டால், சுவரோரம் ஒட்டியிருந்த அணுக்கள் கழன்று ரத்த ஓட்டத்தில் கலக்கும். தொற்று இல்லாமலே வெள்ளையணு எண்ணிக்கை கூடிக் காட்டும். ரத்தப் பரிசோதனைக்கு முன் மாத்திரை விவரத்தை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பிடியே இல்லாவிட்டால்

அரிதாகச் சில குழந்தைகள் இன்டெக்ரின் குறைபாட்டோடு பிறக்கின்றன. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்நோய் வரும். உறவுக்குள் திருமணம் செய்வோரிடையே அந்த வாய்ப்பு அதிகம். பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் விழும் தொப்புள்கொடி, இவர்களுக்கு மூன்று, நான்கு வாரமாகியும் விழாமலிருக்கும். தொப்புளைச் சுற்றிச் சிவந்திருக்கும், சீழ் மட்டும் இருக்காது. ரத்தத்திலோ வெள்ளையணுக்கள் எக்கச்சக்கமாக இருக்கும். வெளியேற வழியில்லாமல் அங்கேயே சுற்றுகின்றன. கடுமையான பாதிப்புக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை உண்டு.

சீழ் இல்லையே என்று நிம்மதியடைந்துவிடாதீர்கள். மூன்று வாரம் கடந்தும் கொடி விழவில்லை என்றால் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். தொப்புள் சிவந்திருந்தால் அன்றைக்கே கொண்டுபோங்கள். உறவுமுறைத் திருமணம் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.