சம்பளமா, பேச்சா?

மதுரைக் கோச்சடையில் வரன் பார்த்தால் ஜாதகத்தோடு கைமாறுவது சம்பளமும் சொந்த வீடும்தான். தாளில் எழுத முடிவது அவ்வளவே.

துணையிடம் மக்கள் எதை மதிக்கிறார்கள் என்று 37 பண்பாடுகளில் நடத்திய ஆய்வை உளவியலாளர் டேவிட் பஸ் 1989-ல் வெளியிட்டார். ஆண்களைவிடப் பெண்கள் வருமானத்தைக் கூடுதலாக மதித்தார்கள். ஆனால் இருபாலரும் அதற்கும் மேலே வைத்தது கனிவையும் அறிவையும்! 2008-ல் வெளியான ஆய்வில் ஈஸ்ட்விக், ஃபின்கல் என்ற உளவியலாளர்கள் இளையவர்களைச் சில நிமிடங்கள் நேரில் பேசவிட்டார்கள். முன்கூட்டி ‘இதுதான் முக்கியம்’ என்று சொன்னதற்கும் நேரில் யாரைப் பிடித்தது என்பதற்கும் பொருத்தமே இல்லை.

நேரில் எது வேலை செய்கிறது? 2017-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கண்டது: சொன்னதைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி கேட்பவரையே மறுபடி சந்திக்க விரும்புகிறார்கள். “அரசரடியில வேலை” என்கிறாள் பெண். “எனக்குக் காளவாசல்ல கடை இருக்கு” என்று பையன் சொன்னால் பேச்சு அவன் பக்கம் திரும்பிவிடும். “சாயங்காலம் பஸ்ல கூட்டமா இருக்குமே, எப்படி வர்றீங்க?” என்றால், காது கொடுத்தான் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும்.

கடன் நெருக்கும் வீட்டில் கனிவும் தேயும். பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, ஒருவர் காது கொடுப்பவரா என்பதைப் பத்து நிமிடத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? இருவரையும் தனியாக, நிதானமாக, பலமுறை பேசவிடுங்கள்.