லேட்டரைட் குறுவாய்த் தவளை

லேட்டரைட் குறுவாய்த் தவளை (மைக்ரோஹைலா லேட்டரைட்) என்பது கர்நாடகத்தின் மணிப்பால் பகுதியில் கண்டறியப்பட்டு, 2016 ஆம் ஆண்டில் புதிய சிற்றினமாக விவரிக்கப்பட்ட தவளையாகும். இதன் நீளம் ஏறத்தாழ 1.6 செ.மீ.; அதாவது கட்டைவிரல் நகத்தின் அளவு. வெளிர்பழுப்பு உடலில் கருநிறக் குறிகள் காணப்படும்.

வாழிடம்

லேட்டரைட் என்பது இரும்புச்சத்து மிகுந்த செந்நிறப் பாறை. தமிழில் செம்புறாங்கல் என்பர். மழைக்காலத்தில் இதன் பள்ளங்களில் நீர் தேங்கும். கோடையில் வெறும் பாறையாகக் கிடக்கும். எனவே இத்தகைய நிலம் பயனற்ற தரிசாகக் கருதப்படுகிறது. கட்டடக் கற்களுக்காக வெட்டியும் எடுக்கப்படுகிறது.

கண்டுபிடிப்பு

லேட்டரைட் நிலங்களைப் பற்றிப் பொதுமக்களுடன் சேர்ந்து தகவல் திரட்டிய ரமித் சிங்கல் இத்தவளையை முதலில் கவனித்தார். இதன் ஒலி சிள்வண்டின் ஒலியை ஒத்திருப்பதால் தவளை என்றே பலருக்குத் தோன்றாது. பின்னர் கே. எஸ். சேஷாத்ரி, கே. வி. குருராஜா உள்ளிட்டோர் அவருடன் இணைந்து ஆய்வு செய்தனர்.

புதிய சிற்றினம் என உறுதிசெய்யும் முறை

புதிதாகத் தோன்றுவதாலேயே ஓர் உயிரி புதிய சிற்றினம் ஆகிவிடாது. இத்தவளையின் உடலமைப்பு, நிறம், ஒலி, மரபணு ஆகிய நான்கும் நெருங்கிய உறவுடைய தவளைகளுடன் ஒப்பிடப்பட்டன. பின்னாளில் எவரும் சரிபார்க்கும் வகையில் ஒரு மாதிரி உடலைப் பாதுகாத்து, விளக்கத்தையும் பெயரையும் ஆய்விதழில் வெளியிட வேண்டும். இவ்விளக்கம் ‘பிளாஸ் ஒன்’ இதழில் வெளிவந்தது. வாழிடத்தின் மீது கவனம் திரும்பவே பாறையின் பெயர் சூட்டப்பட்டது. இதனை அருகிவரும் இனமாகக் கருத வேண்டும் என்றும் ஆய்வாளர்கள் பரிந்துரைத்தனர்.

பிற பாறை, தரிசு நிலத் தவளைகள்

மழைநீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக் குகைகளை உண்டாக்கும். தாய்லாந்தின் காஞ்சனபுரி மாநிலத்தில் அத்தகைய குகையொன்றில் கிடைத்த சியாமோஃப்ரைன் டிரோக்ளோடைட்ஸ் 2018 இல் விவரிக்கப்பட்டது. பெங்களூரின் புறநகர்த் தரிசு நிலத்தில் கிடைத்த வளைதோண்டும் தவளைக்கு 2020 இல் ஸ்பேரோதீகா பெங்களூரு எனப் பெயரிடப்பட்டது.

முக்கியத்துவம்

பெயரிடப்படாத உயிரி பொதுவாகப் பாதுகாப்புப் பட்டியல்களில் இடம்பெறாது. தரிசு என்று ஒதுக்கிய பாறையை உடைத்த பிறகு அங்கு என்ன வாழ்ந்தது என்று அறிய வழியில்லை. ஓசூர், கிருஷ்ணகிரி, குந்தாரப்பள்ளி போன்ற ஊர்களின் மாணவர்கள் மழைக்கால இரவுகளில் பெரியவர் துணையுடன் பாறைக் குட்டைகளின் ஒலிகளைப் பதிவுசெய்து, நாளும் இடமும் குறித்து வைக்கலாம். மணிப்பாலிலும் தொடக்கம் இத்தகைய கவனிப்புதான்.